பழவேற்காட்டில் ஒரு படகு

இத்தாலிக் கடலோரத்தில் தனிப்படகு எடுத்து நாள் முழுக்கச் சுற்றுவார்களாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்து வருகிறவருக்கு அவ்வளவு தூரம் எதற்கு? பக்கத்திலேயே பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டி, நம்மூர்த் துணியைக் கப்பலேற்றிய இடம். கோட்டை இடிந்துவிட்டது; எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு கல்லறைத் தோட்டம் மட்டும் ஜம்மென்று நிற்கிறது!

குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். ஏரியில் ஆழமும் அதிகமில்லை. அங்கேதான் ஏமாந்துபோகிறோம். முகத்துவாரத்தில் நீரோட்டம் வேறு மாதிரி. 2011 கிறிஸ்துமஸ் அன்று மீன்பிடிப் படகில் உல்லாசமாகப் போனவர்களில் 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு அங்கி இல்லை. அதன்பிறகு படகுச் சவாரிக்கு மாவட்ட நிர்வாகம் தடை போட்டது.

படகு கிடைக்காவிட்டால் என்ன? லைட்ஹவுஸ் குப்பம் போகும் பாலத்தில் நின்று பாருங்கள், காசே கிடையாது.