உடம்பில் வளரும் ஈஸ்ட்: எது இயற்கை வழி?

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பேசப்போகும் தலைப்பைக் கேட்டதும் என் ஹாஸ்டல் அறை நண்பன், "ஏண்டா, மேடையில பேசுற விஷயமா இது?" என்றான். வெளியில் பேசக் கூச்சப்பட்டுத்தான் நான் எட்டு மாதத்தை வீணாக்கினேன். அதனால்தான் பேசுகிறேன்.

நான் மின்துறைப் பொறியாளன். துணை மின்நிலையம் கட்டும் இடங்களில் வேலை. நாள் முழுக்க வெயில், வியர்வை, இறுக்கமான ஜீன்ஸ். முப்பத்தைந்து வயதில் தொடை இடுக்கில் அரிப்பு ஆரம்பித்தது. தோல் சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பருக்கள். கொஞ்ச நாளில் வாயிலும் வெள்ளைப் படலம். இது கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையின் வேலை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கேண்டிடா வெளியிலிருந்து வந்த எதிரி அல்ல. நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும், பெண்களுக்குப் பிறப்புறுப்பிலும், சாதாரணமாகவே குடியிருப்பது. கூடவே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களும், நம் எதிர்ப்புச் சக்தியும் அதை அடக்கி வைத்திருக்கின்றன. அந்த அடக்கம் தளரும்போது அது பெருகுகிறது. கைக்குழந்தையின் வாயில் தயிர் ஒட்டியதுபோல் வருமே, கிராமத்தில் அக்கரம் என்பார்களே, அதுவும் இதுதான். கர்ப்பிணிகளுக்கும், ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும் இது வருவது உண்டு.

என் கதைக்கு வருகிறேன். டாக்டரிடம் போக வெட்கம். "இயற்கையா சரி பண்ணிடலாம்" என்று இறங்கினேன். வேப்பிலை அரைத்துப் போட்டேன். மஞ்சள், தேங்காய் எண்ணெய் தடவினேன். யாரோ சொன்னார்கள் என்று பூண்டை நசுக்கிப் போட்டேன். தோல் வெந்து, மூன்று நாள் நடக்க முடியவில்லை. பிறகு மெடிக்கல் ஷாப்பில் ஒரு கிரீம் வாங்கினேன். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது. நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. ஸ்டீராய்டு சிவப்பை மறைக்கும். அடியில் பூஞ்சைக்கு வசதி செய்துகொடுக்கும். இந்தக் கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது, நாமும் கேட்கிறோம்.

கடைசியில் என் மனைவி கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனார். அந்த அம்மா புண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி, "தம்பி, ராத்திரி எத்தனை தடவை ஒன்னுக்குப் போக எந்திரிக்கிறீங்க?" மூன்று தடவை என்றேன். ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 10.4. ஆறரையைத் தாண்டினாலே சர்க்கரை நோய். என் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. எனக்கு வர இன்னும் காலம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

நண்பர்களே, வீட்டில் ஃபியூஸ் அடிக்கடி போனால் என்ன செய்வோம்? தடித்த கம்பியைப் போட்டால் ஃபியூஸ் நிற்கும், வீடு எரியும். எங்கே கோளாறு என்று தேடுவதுதான் பொறியாளன் வேலை. என் உடம்பில் ஃபியூஸ் எட்டு மாதம் போய்க்கொண்டே இருந்தது. நான் கம்பியை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

அப்படியானால் இயற்கை மருந்தெல்லாம் பொய்யா? அப்படிச் சொல்லமாட்டேன். பூண்டும் தேங்காய் எண்ணெயும் ஆய்வகத் தட்டில் கேண்டிடாவைத் தடுக்கின்றன. 2015-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தேங்காய் எண்ணெய் கலந்த தீனி எலிகளின் குடலில் கேண்டிடாவைக் குறைத்தது. தட்டும் எலியும் மனிதன் ஆகிவிடாது. 2014-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் பெண்களுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். தெளிவான பலன் தெரியவில்லை. ஆன்டிபயாடிக்கோடு தயிர் பாக்டீரியா இனத்தைக் கொடுத்தால் பெண்களுக்கு ஈஸ்ட் தொல்லை வராமல் தடுக்கலாமா என்று 2004-ல் அதே நாட்டில் பார்த்தார்கள், தடுக்கவில்லை. தயிர் நல்ல உணவு, சாப்பிடுங்கள். மருந்து என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

களைப்பு, தலைவலி எல்லாவற்றுக்கும் குடல் ஈஸ்ட்தான் காரணம் என்று 1980-களில் அமெரிக்காவில் ஒரு கருத்து பரவியது. 1990-ல் 42 பெண்களிடம் நடத்திய ஆய்வில், அந்த உபாதைகளுக்கு ஈஸ்ட் மருந்தும் வெற்று மாத்திரையும் ஒரே அளவுதான் பலன் தந்தன. இன்றும் 'குடல் சுத்தம்' என்று பொடி விற்கிறார்கள். "இட்லி மாவு புளிக்குதே, அதுலயும் ஈஸ்ட்தானே, விட்டுடணுமா?" என்று என்னிடமே கேட்டார்கள். மாவைப் புளிக்க வைப்பது பெரும்பாலும் பாக்டீரியா. இட்லியால் கேண்டிடா வராது, தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேண்டிடாவுக்கு இன்றும் கொடுக்கப்படும் நிஸ்டாட்டின் எங்கிருந்து வந்தது தெரியுமா? மண்ணிலிருந்து. நியூயார்க்கில் இருந்த எலிசபெத் ஹேசன், ஆல்பனியில் இருந்த ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள், மண்ணில் வளரும் நுண்ணுயிர்களைப் புட்டியில் போட்டுத் தபாலில் மாற்றி மாற்றி அனுப்பிச் சோதித்து, 1950-ல் அதை அறிவித்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் பெயரைத்தான் மருந்துக்கு வைத்தார்கள். ராயல்டிப் பணத்தைத் தங்களுக்கென எடுத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே விட்டுக்கொடுத்தார்கள். ஆகவே டாக்டர் தருவது செயற்கை, பாட்டி தருவது இயற்கை என்ற பிரிவினையே சரியில்லை.

எனக்கு உதவிய இயற்கை வழி இதுதான். குளித்ததும் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்தேன். தளர்வான பருத்தி உடைக்கு மாறினேன். வியர்வையில் நனைந்த துணியை உடனே மாற்றினேன். ஜுரத்துக்கெல்லாம் கடையில் ஆன்டிபயாடிக் கேட்பதை விட்டேன். சர்க்கரைக்கு மாத்திரை, நடை, அளவான சோறு. இவற்றோடு டாக்டர் எழுதிய பூஞ்சைக் கிரீமைச் சொன்ன நாள்வரை தடவினேன். குணமானது, இன்றுவரை திரும்பவில்லை.

தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அரிப்பும் வெள்ளைப்படுதலும் எல்லாம் ஈஸ்ட் அல்ல. வெட்கப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். என் வயதுத் தோழர்களே, 2023-ல் வெளியான தேசிய ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. அடிக்கடி இந்த அரிப்பு வந்தால், கிரீம் வாங்கும் முன் சர்க்கரையைப் பாருங்கள்.

என்னைக் கேலி செய்த அந்த அறை நண்பன் நேற்று ராத்திரி தனியாகக் கூப்பிட்டு, "எனக்கும் ஆறு மாசமா இருக்குடா" என்றான். திங்கட்கிழமை பரிசோதனைக்குப் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். இந்தப் பேச்சுக்கு அது போதும் எனக்கு.