திறந்த மூல இயங்குதளமும் கம்பியில்லா வலையட்டைத் தேர்வும்

அரசுத் துறைகளில் திறந்த மூல மென்பொருளைக் கையாள்வதற்கான கொள்கையை மத்திய அரசு 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதற்கு முன்னரே, 2007-இல், சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கி அளித்திருந்தது. உரிமக் கட்டணம் இல்லை என்பது இத்தகைய இயங்குதளங்களின் வெளிப்படையான பயன். ஆனால், இயங்குதளத்தை நிறுவிய பின் கணினிக்குக் கம்பியில்லா இணைப்பு கிட்டவில்லையெனில் அந்தச் சேமிப்பால் விளையும் நன்மை யாது?

வலையட்டை இயங்குவதற்கு அதிலுள்ள சில்லுக்கு உரிய 'டிரைவர்' நிரல், லினக்ஸின் மையப் பகுதியாகிய கெர்னலில் இடம்பெற்றிருத்தல் வேண்டும். பல சில்லுகளுக்கு 'ஃபர்ம்வேர்' என்னும் கோப்பும் தேவை. இன்டெல் நிறுவனம் தன் சில்லுகளுக்கான டிரைவரைத் தானே வழங்கி வருகிறது. ஏதரோஸ் 2008-இல் அவ்வழியை மேற்கொண்டது. பிராட்காம் நெடுங்காலம் தொழில்நுட்ப விவரங்களை வெளியிடாமையால், ஆர்வலர்களே சில்லின் செயற்பாட்டை ஆராய்ந்து டிரைவர் எழுத நேர்ந்தது; அந்நிறுவனத்தின் திறந்த மூல டிரைவர் 2010-இல்தான் வெளிவந்தது. மூல நிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேர் கோப்புகளை டெபியன் அமைப்பு தன் அதிகாரபூர்வ நிறுவல் தொகுப்பில் சேர்த்ததும் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில்தான்.

கொள்முதல் செய்வோர் சிறப்பாகக் கருதத்தக்கது மற்றொன்று உண்டு. வணிகப் பெயர் மாறாதிருக்க, உள்ளிருக்கும் சில்லு மாறிவிடக்கூடும். டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்னும் யுஎஸ்பி அட்டையின் முதற் பதிப்பில் ஏதரோஸ் சில்லு இருந்தது. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சில்லு இடம்பெற்றது. பெட்டியின் மேலுள்ள பெயரை மட்டும் நம்பி வாங்கியவர்க்கு இரண்டும் ஒன்றே. இயங்குதளத்திற்கோ அவை இரு வேறு கருவிகள்.

ஆகவே, ஒப்பந்தப்புள்ளி கோரும்போது மாதிரிப் பெயருடன் பதிப்பு எண்ணையும் சில்லின் பெயரையும் குறிப்பிடுதல் அவசியம். 'எல்எஸ்பிசிஐ', 'எல்எஸ்யுஎஸ்பி' ஆகிய கட்டளைகள் சில்லின் அடையாள எண்ணைக் காட்டும். அலுவலகத்தில் பயன்படும் கெர்னல் பதிப்பு அந்த எண்ணை ஆதரிக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்; நிலையான பதிப்புகளில் உள்ள பழைய கெர்னல், அண்மையில் சந்தைக்கு வந்த சில்லை அறியாதிருக்கலாம். மொத்தமாக வாங்கும் முன்னர் மாதிரிக்கு ஓர் அட்டையைப் பெற்று, பென் டிரைவிலிருந்தே இயங்குதளத்தை இயக்கிச் சோதித்தல் எளிது. செலவும் மிகக் குறைவு.

மென்பொருளில் ஏற்படும் சிக்கனம், வன்பொருள் கொள்முதலில் காட்டும் கவனத்தைச் சார்ந்தே நிலைபெறும்.