அந்திக்கு மணக்கும் எண்ணெய்



எண்ணெய் என்னும் சொல்லைப் பிரித்தால் எள் நெய் என்றாகும். பழந்தமிழில் நெய் என்பது பசுவின் நெய்யை மட்டுமன்றி, வித்திலிருந்து ஆட்டி எடுத்த நெய்யையும் குறித்தது. அந்தப் பழஞ்சொல்லைப் பெயரிலே தாங்கிய ஆறு ஒன்று திருவனந்தபுரத்துக்குத் தெற்கே ஓடுகின்றது. அதுவே நெய்யாறு. அதன் கரையில் அமைந்த ஊர் நெய்யாற்றின்கரை. அது கடலோடு கலக்குமிடத்தில் உள்ள ஊர் பூவாறு. நெய்யும் பூவும் ஊர்ப்பெயர்களில் விளங்கும் அந்தப் பகுதியிலேதான், பூவின் மணத்தை நெய்யில் ஏற்றிய வாசனைத் தைலத்தைப் பற்றி நாம் ஒரு பாடம் கற்றோம். அதனை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் பாறசாலை என்னும் ஊர் வரும். அதற்கு அப்பால் சிறிது தொலைவிலேயே களியக்காவிளை. பாறசாலை கேரளம், களியக்காவிளை தமிழ்நாடு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தில் இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை இராச்சியத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு விழுந்த பின்னும் பெண் கொடுப்பதும் பெண் எடுப்பதும் நின்றுவிடவில்லை. தோவாளைச் சந்தையின் பூக்கள் இன்றும் எல்லை கடந்து திருவனந்தபுரம் செல்கின்றன. ஓணத்தின்போது அங்கே வீட்டு வாயில்களில் இடும் பூக்களத்துக்கு அவை வேண்டியிருக்கின்றன. நாம் சாதிமல்லி என்று சொல்லும் மலரை எல்லையின் இருபுறத்தாரும் பிச்சி என்றே அழைக்கின்றனர்.

நாம் பிறந்தது விளவங்கோட்டுப் பகுதியில். வாழ்வது தில்லியில், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் பணி. நம் பெரியம்மை பாறசாலைக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய பேத்திக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மணமகனுக்குப் பூனாவில் உத்தியோகம். திருமணப் பரிசாக அத்தர் கொண்டு செல்லலாம் என்று எண்ணிப் பழைய தில்லியின் கடைவீதிக்குச் சென்றோம். கடைக்காரர் ஒரு குப்பியின் மூடியைத் திறந்த மாத்திரத்தில் எலுமிச்சையும் ரோஜாவும் மல்லிகையும் ஒன்றாகப் பொங்கி வந்து நம்மை மயக்கின. உடனே அதில் பெரிய குப்பியாக ஒன்று வாங்கினோம். அவர் மற்றொரு சிறு குப்பியையும் காட்டினார். சந்தனத் தைலத்தில் மல்லிகை இறக்கியது என்றார். முகர்ந்து பார்த்தோம், மணம் ஒடுங்கியிருந்தது. விலையோ பெரிய குப்பியைப்போல் மும்மடங்கு. அவர் மனம் நோகலாகாது என்று அதிலும் ஒரு சிறிதளவு வாங்கிக்கொண்டோம்.

திருமணத்துக்கு முந்தின நாள் காலையில் இரு குப்பிகளையும் பெரியம்மையின் முன் வைத்தோம். பெரிய குப்பியைத் திறந்து, "எப்படியிருக்கிறது பாருங்கள், பெரியம்மை" என்று பெருமையோடு நீட்டினோம். அவர் முகரவில்லை. வலக்கை மணிக்கட்டில் ஒன்றும், இடக்கை மணிக்கட்டில் மற்றொன்றுமாகச் சிறிது தடவிக்கொண்டு, "மக்களே, இப்பம் மணக்கது கடைக்காரனுக்க மணம், அந்திக்கு மணக்கதுதான் எண்ணெய்க்க மணம்" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டார்.

நண்பகலில் வலக்கையில் எலுமிச்சையும் இல்லை, ரோஜாவும் இல்லை. விளக்கெண்ணெய் போன்ற ஒரு மந்தமான வாடை மட்டும் இருந்தது. இடக்கையிலோ மல்லிகை அப்போதுதான் மலர்ந்திருந்தது. அந்தி சாய்ந்து விளக்கேற்றிய வேளையில் மல்லிகையும் அடங்கிவிட்டது. அதன் அடியிலிருந்து பாலின் இனிமையும் மரத்தின் குளிர்ச்சியும் கலந்த சந்தன மணம் எழுந்து நின்றது. மறுநாள் திருமண வீட்டில் சந்தனக் கும்பாவுக்கும் பன்னீர்ச் செம்புக்கும் அருகே எந்தக் குப்பி வைக்கப்பட்டது என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. பெரிய குப்பிக்குக் கொடுத்த பணத்தை எண்ணி நாம் வருந்தினோம்.

இது ஏன் நிகழ்கின்றது? வாசனைத் தைலம் என்பது ஒரே பொருள் அன்று. பற்பல பொருள்களின் கூட்டம். அவற்றுள் சில இலேசானவை, சில கனமானவை. எலுமிச்சை, நாரத்தை முதலியவற்றின் தோலில் உள்ள லிமொனீன் என்னும் பொருள் மிக இலேசானது. 176 பாகை வெப்பத்தில் கொதிப்பது. சந்தனத்தின் உயிராகிய சாண்டலோல் கொதிக்க 300 பாகை அளவு வெப்பம் வேண்டும். கொதித்தால்தான் ஆவியாகும் என்பதில்லை. முற்றத்தில் சிந்திய நீர் கொதியாமலே உலர்ந்து போகிறதன்றோ? அவ்வாறே நம் தோலின் சூட்டில், ஏறத்தாழ 32 பாகையில், தைலமும் சிறிது சிறிதாக ஆவியாகின்றது. இலேசானவை முந்திப் பறக்கின்றன. கால் மணி, அரை மணி நேரத்தில் அவற்றின் ஆட்டம் முடிந்துவிடும். அடுத்துப் பூக்களின் மணங்கள் எழுந்து சில மணி நேரம் நிற்கும். சந்தனம், வெட்டிவேர், கஸ்தூரியை ஒத்த பொருள்கள் ஆகியவை கடைசிவரை இருந்து, துணியில் பட்டால் சில நாள்கூடத் தங்கும். மூக்கு அறிவது ஆவியைத்தான். ஆகவே குப்பியைத் திறந்தவுடன் நம்மை வரவேற்பவை முதலில் ஓடிப்போகும் மணங்களே ஆகும்.

பழைய அத்தர்க்காரர்கள் இந்த உண்மையை அனுபவத்தால் அறிந்திருந்தனர். உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் இன்றும் செப்புப் பானையில் பூவையும் நீரையும் இட்டு மூடி, களிமண் பூசி, அடியில் தீமூட்டுகின்றனர். ஆவி மூங்கிற் குழாய் வழியாகச் சென்று, நீர்த்தொட்டியில் அமிழ்த்திய மற்றொரு செப்புக் கலத்தில் குளிர்கின்றது. அந்தக் கலத்தில் முன்னதாகவே சந்தனத் தைலம் வார்த்திருக்கும். பூவின் மணம் அதிலே இறங்கி ஒடுங்கும். கனமான சந்தனம் இலேசான பூமணத்தை எளிதில் பறக்கவிடாமல் பிடித்து வைக்கும், தானும் மணக்கும். சந்தனம் விலையேறிய பின்னர், பலர் அதற்குப் பதிலாக மணமற்ற திரவ பாரஃபினை வார்க்கத் தலைப்பட்டனர். பூமணம் போனபின் அங்கே எஞ்சுவது வெறும் எண்ணெய்ப் பசையே. நம் பெரிய குப்பியின் இரகசியமும் இத்தகையதாகவே இருத்தல் வேண்டும்.

சந்தனம் விலையேறியதற்குக் காரணமும் உண்டு. அதன் மணம் இலையிலோ பூவிலோ இல்லை. மரத்தின் வைரத்திலும் வேரிலும் இருக்கின்றது. வைரம் பாயப் பல ஆண்டுகள் செல்லும். அம்மரம் பக்கத்து மரங்களின் வேர்களோடு தன் வேரைப் பிணைத்து, அவற்றிலிருந்தும் நீரும் உரமும் பெற்று வளர்வது. கேரளத்தில் இடுக்கி மாவட்டத்து மறையூரில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலைநாட்டில், சந்தனக் காடு இன்றும் காக்கப்பட்டு வருகின்றது. மைசூரில் சந்தனத் தைலத் தொழிற்சாலை தொடங்கியது 1916-ஆம் ஆண்டில்.

தைலத்தைப் போலவே தோலும் ஆளுக்கு ஆள் வேறுபடும். எண்ணெய்ப் பசையுள்ள தோல் மணத்தை நெடுநேரம் பிடித்து வைக்கும். வறண்ட தோலில் அது விரைவில் அகலும். ஆகவே நண்பரின் கையில் நன்றாக மணந்தது நம் கையில் அவ்வாறே மணக்கும் என்று எதிர்பார்த்தல் கூடாது. மூக்கின் இயல்பையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஒரே மணத்தில் சில நிமிடங்கள் இருந்தால் மூக்கு அதற்குப் பழகி, அதை அறிவிப்பதை நிறுத்திவிடும். பூசியவர் மணம் போயிற்று என்று மேலும் மேலும் பூசிக்கொள்வார். பக்கத்தில் அமர்ந்தவருக்குத் தலை வலிக்கும். நெரிசல் மிக்க இரயில் வண்டியில் பயணம் செய்யும் நேயர்கள் இதனை நன்கு அறிவர்.

எனவே வாசனைத் தைலம் வாங்குவோர் பெரியம்மையின் முறையைக் கைக்கொள்ளலாம். ஒரு நாளில் இரண்டு தைலங்களுக்கு மேல் சோதித்தல் வேண்டா. ஒவ்வொரு கையில் ஒன்றாக ஒரு துளி தொட்டுக்கொண்டு, வாங்காமல் வீடு திரும்புங்கள். அரை மணி கழித்து ஒரு முறை, நான்கு மணி கழித்து ஒரு முறை, இரவில் ஒரு முறை முகருங்கள். இடையே வெளிக்காற்றில் சற்று உலாவி வந்தால் மூக்குத் தெளியும். எலுமிச்சை இனத்துத் தோல்களைப் பிழிந்தெடுத்த தைலங்கள் சிலவற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோலில் கொப்புளமும் கறையும் தோன்றக்கூடும். எரிச்சல் கண்டால் எந்தத் தைலத்தையும் கழுவிவிடுதல் நலம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு மற்றொன்றும் தோன்றுகின்றது. வழங்க வழங்கச் சொற்களும் இவ்வாறே மாறுகின்றன. நாற்றம் என்னும் சொல் முற்காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. இன்று அது தமிழிலும் தீய வாடை. மலையாளத்திலும் தீய வாடை. மணம் என்னும் சொல்லோ இரு மொழிகளிலும் நன்றாகவே நிற்கின்றது. நாம் வெட்டிவேர் என்பதை அவர்கள் ராமச்சம் என்கிறார்கள். பெயர் வேறானாலும் வேர் ஒன்றே. பெரியம்மையின் பேச்சில் இவையெல்லாம் வேறுபாடின்றிக் கலந்து வரும். ஆனால் அவர் எழுதுவது தமிழ் எழுத்தில் மட்டுமே.

அவரிடம் ஒரு பழைய குறிப்பேடு உண்டு. தலைக்கு எண்ணெய் காய்ச்சும் முறைகளை இளமையில் எழுதி வைத்தது. இன்ன பச்சிலைக்கு எத்தனை நாழி தேங்காயெண்ணெய், எந்தப் பதத்தில் இறக்குவது, ஆறியபின் எதைப் போட்டு மூடுவது என்பன அதில் உள்ளன. திருமணம் முடிந்து பூனாவுக்குப் புறப்படும் நாளில் பேத்தி அதனைக் கேட்டாள். பெரியம்மை மகிழ்ச்சியோடு கொடுத்தார். ஏட்டைத் திறந்த அவள் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு நம்மிடம் வந்து, "மாமா, இதை வாசித்துச் சொல்லுவீர்களா? எனக்கு மலையாள எழுத்துத்தானே தெரியும்" என்றாள். நாவில் தமிழ் இருந்தது, கண்ணில் இல்லை. இதில் அவள் குற்றம் யாதும் இல்லை. பள்ளியில் கற்றுக்கொடுத்ததை அவள் நன்றாகவே கற்றிருந்தாள். ஆயினும் அறையின் மறுகோடியில் நின்று அதைக் கேட்ட பெரியம்மையின் முகம் வாடியதை நாம் கண்டோம்.

அடி மணம் தானாகவே நிற்கும் என்று அன்றுவரை நாமும் எண்ணியிருந்தோம். சந்தனமும் ஒரு நாள் தோலை விட்டுப் போகத்தான் செய்யும். பிறகு தடவிக்கொள்ள வேண்டும். பெரியம்மை தம் துணிப்பெட்டியில் இட்ட வெட்டிவேரை ஆண்டுதோறும் மாற்றுவார். பழைய வேரிலும் மணம் இருக்கிறதே என்று கேட்டால், "இருக்கும்போதே மாற்றணும், மக்களே" என்பார். வெளி மாநிலங்களில் வாழும் நாம் நம் பிள்ளைகளின் எழுத்தைப் பற்றி அவ்வாறு எண்ணினோமா? தில்லியில் வளரும் நம் மகனுக்கும் அன்றுவரை நாம் அரிச்சுவடி வாங்கிக் கொடுத்ததில்லை.

அன்று அந்த ஏட்டை நாம் வாசித்துச் சொல்லவில்லை. முதற்பக்கத்தை மட்டும் எடுத்து, ஒவ்வொரு தமிழ் எழுத்தின் கீழும் அதற்குரிய மலையாள எழுத்தை எழுதிக் கொடுத்தோம். இரண்டும் உடன்பிறந்த மொழிகள். ஒன்றை அறிந்தவருக்கு மற்றொன்றின் எழுத்தைக் கற்பது பெருந்தொல்லை அன்று. நான்கு திங்கள் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பூனாவிலிருந்து தொலைபேசியில் பெரியம்மையை அழைத்தாள். ஏட்டின் இரண்டாம் பக்கத்தை, கீழே மலையாள எழுத்து எழுதப்படாத பக்கத்தை, எழுத்துக்கூட்டி வாசித்தாளாம். நடுவில் ஓரிடத்தில் நாழி என்பதை நாளி என்று வாசிக்கவே, பெரியம்மை திருத்தினாராம். பிறகு அவள், "எண்ணெய் காய்ச்சிவிட்டேன், அம்மச்சி, காலையில் தலையில் தேய்த்தேன், இன்னும் மணக்கிறது" என்றாளாம்.

அப்போது நேரம் என்ன என்று பெரியம்மை கேட்டிருக்கிறார். அந்தி ஆறு மணி என்று அவள் சொன்னாளாம்.