கண்டதை ஒரு பக்கம், நினைத்ததை மறுபக்கம் எழுதுவோம்

(அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் நடந்த பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முன்பருவக் கல்வியில் ஆராய்ச்சி செய்யக் கற்றுக்கொள்வது எப்படி என்பதுதான் இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு. இதைக் கேட்டதும் உங்களில் பலருக்கு, "எடை போடணும், பதிவேடு எழுதணும், செல்போன்ல ஏத்தணும், அடுப்பையும் ஒரு கண்ணு பாத்துக்கணும், இதுல ஆராய்ச்சி வேறயா?" என்று தோன்றியிருக்கும். நியாயமான கேள்விதான். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் புதிதாக ஒரு பதிவேட்டைக் கொடுக்க நான் வரவில்லை. நீங்கள் தினமும் செய்கிற வேலைக்குள்ளேயே ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. அதை எப்படி வெளியே எடுப்பது என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று, நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஊரில் இன்னமும் "பால்வாடி" என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பால்வாடியில் ஒரு குழந்தை உங்கள் கண்முன்னே மாதக்கணக்கில் வளர்கிறது. பல்கலைக்கழகத்திலிருந்து வருகிற ஆய்வாளருக்கு இரண்டு நாளோ மூன்று நாளோதான் கிடைக்கும். உங்களுக்கு மூன்று வருஷம் கிடைக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்து பார்க்கிற வாய்ப்பு வேறு யாருக்கும் இல்லை. பார்ப்பதை முறையாகப் பார்க்கவும், பார்த்ததை நேர்மையாக எழுதவும் பழகினால் போதும்.

கண்டது வேறு, கருத்து வேறு

ஒரு உதாரணத்துக்கு, மூன்றரை வயதுப் பையன் ஒருவனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மையத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பாட்டுப் பாடும்போது சும்மா உட்கார்ந்திருக்கிறான். கூப்பிட்டால் வருவதில்லை. அவனைப் பற்றி எழுதச் சொன்னால் என்ன எழுதுவோம்? "மந்தமாக இருக்கிறான்", "சொன்ன பேச்சு கேட்பதில்லை." இந்த இரண்டு வரியும் நம் கருத்துதான். நம் கண்ணால் பார்த்தது இதில் ஒன்றுகூட இல்லை.

ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தின் நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் கண்டது, வலது பக்கம் நினைத்தது. இடது பக்கத்தில் இப்படி எழுதலாம்: "முதுகுப் பக்கம் நின்று பெயர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டேன், திரும்பவில்லை. முன்னால் வந்து கையசைத்தேன், உடனே எழுந்து வந்தான். கதவு படாரென்று சாத்தியபோது மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், இவன் பார்க்கவில்லை."

இப்போது வலது பக்கத்தில் என்ன எழுதுவீர்கள்? "மந்தம்" என்று எழுதக் கை வராது. "காது சரியாகக் கேட்கிறதா?" என்றுதான் எழுதுவீர்கள். கருத்து கேள்வியாக மாறிவிட்டது பாருங்கள். ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.

வேறு மாதிரியும் நடக்கலாம். கதவுச் சத்தத்துக்கு அவன் திரும்புகிறான், ஆனால் நீங்கள் சொல்வது மட்டும் புரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நம் மையங்களுக்கு வருகிறார்கள். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் உண்டு. நீலகிரியில் பழங்குடி மொழி பேசுகிற பிள்ளைகள் உண்டு. தன் அம்மாவிடம் மணிக்கணக்கில் பேசுகிற பிள்ளை, நம்மிடம் மட்டும் ஊமை போல இருக்கும். அதற்குப் பெயர் மந்தம் இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாம் எழுதுகிற ஒரு வார்த்தை அந்தப் பிள்ளையோடு பள்ளிக்கூடம் வரைக்கும் போகும். "அந்தப் பையனா? அவன் அப்படித்தான்" என்று ஒருவர் சொல்ல, அடுத்தவரும் அதையே சொல்வார். காது கேளாமை இருந்தால் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவுக்குப் பேச்சு வரும். நாம் "மந்தம்" என்று எழுதி ஒரு வருஷத்தைக் கடத்தினால், அந்த வருஷத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. பள்ளிச் சிறார் மருத்துவக் குழு மையத்துக்கு வரும்போது, "இந்தப் பிள்ளை ஒரு மாதிரி இருக்கு சார்" என்று சொல்வதைவிட, தேதி போட்டு எழுதிய நான்கு வரியைக் காட்டுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி. குழு வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பெற்றோரிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

எண்ணத் தெரிந்தால் போதும்

மரியா மாண்டிசோரி பெயரை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அவர் ஒரு டாக்டர். 1907-ல் ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழை மக்கள் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பின்னாளில், 1939-ல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

அந்த ரோம் இல்லத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, மரக்கட்டையில் இருக்கிற குழிகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கவனம் நிலைக்காது என்பதுதான் அன்றைக்கு எல்லோருடைய நம்பிக்கையும். மாண்டிசோரி என்ன செய்தார்? அந்தக் குழந்தை எத்தனை தடவை செய்கிறது என்று எண்ணினார். மற்ற பிள்ளைகளைச் சுற்றிலும் பாடச் சொன்னார். குழந்தை நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்தார். உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு அது மறுபடி தொடர்ந்தது. நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டுத்தான் நிறுத்தியது.

இதற்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. எல்லோரும் நம்புகிற ஒன்றை "உண்மைதானா?" என்று அவர் கேட்டார். பொறுமையாகப் பார்த்தார், எண்ணினார், கொஞ்சம் மாற்றிப் பார்த்தார். ஆராய்ச்சியின் எலும்பு இவ்வளவுதான்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

புதிதாக ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் பெரிய கேள்வியாக எடுத்துக்கொள்வார்கள். "பிள்ளைகளின் மொழி வளர்ச்சியை மேம்படுத்துவது எப்படி?" இதற்கு ஆயுள் முழுக்க வேலை செய்தாலும் பதில் முடியாது. இதையே சின்னதாக்குங்கள்: "கதை சொல்லும் நேரத்தில் எந்தப் பிள்ளை, எத்தனை தடவை, தானாகவே வாய் திறந்து பேசுகிறது?" இதற்குப் பத்து நாளில் பதில் கிடைக்கும்.

ஒரு தாளில் பிள்ளைகளின் வரிசை எண்ணை எழுதுங்கள். கதை நேரத்தில் ஒரு பிள்ளை தானாகப் பேசும்போதெல்லாம் அதன் எண்ணுக்கு நேரே ஒரு கோடு. நீங்கள் கேட்டு அது பதில் சொன்னால் கோடு போட வேண்டாம். இந்த விதியை முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது. கதை சொல்லிக்கொண்டே கோடு போடுவது சிரமம் என்றால், ஒருவர் கதை சொல்ல இன்னொருவர் கோடு போடலாம். மேற்பார்வையாளர் வருகிற அன்றைக்கு அவரையும் தனியாக ஒரு தாளில் போடச் சொல்லுங்கள். இரண்டு தாளும் ஏறக்குறைய ஒத்துப் போனால் உங்கள் எண்ணிக்கையை நம்பலாம். ரொம்ப வித்தியாசம் இருந்தால் விதி தெளிவாக இல்லை என்று அர்த்தம்.

ஐந்து நாள் முடிந்ததும் தாளைப் பாருங்கள். அதிகக் கோடு யாருக்கு என்று பார்ப்பதற்கு முன்னால், ஒரு கோடுகூட இல்லாத எண்கள் எவை என்று பாருங்கள். கலகலவென்று பேசுகிற நாலு பிள்ளைகளை வைத்து "நம்ம மையத்துல எல்லாரும் நல்லாப் பேசுறாங்க" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். தாளில் இருக்கிற வெற்றிடம்தான் உண்மையைச் சொல்லும்.

பின் வரிசைப் பிள்ளைகளுக்குக் கோடு குறைவாக இருப்பதாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து எண்ணுங்கள். கோடு கூடினால் உடனே "வட்டம்தான் காரணம்" என்று சொல்லிவிடலாமா? கூடாது. ஒரு வாரம் கூடப் பழகியதால் கூச்சம் போயிருக்கலாம், கதை நன்றாக இருந்திருக்கலாம். அதனால் மூன்றாவது வாரம் மறுபடி வரிசையாக உட்கார வைத்து எண்ணுங்கள். கோடு குறைந்தால், வட்டத்துக்குப் பங்கு இருக்கிறது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். குறையவில்லை என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும். நாம் எதிர்பார்த்தது வராவிட்டால் அந்தத் தாளைக் கிழித்துப் போடுவது ஆராய்ச்சி ஆகாது.

நம் மையங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வு

இதே முறையைப் பெரிய அளவில் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு ஒரு ஆய்வு செய்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வியை நீங்கள் ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள்: "ஒரே ஆள் எல்லாத்தையும் பாக்குறாங்களே, அரை நாளைக்கு இன்னொரு ஆள் இருந்தா என்ன ஆகும்?"

பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென்று ஒரு அரை நேரப் பணியாளர் கூடுதலாகக் கொடுக்கப்பட்டார். மீதி மையங்கள் வழக்கம்போல நடந்தன. எந்த மையத்துக்கு ஆள் என்பதைக் குலுக்கல் போல எந்தச் சார்பும் இல்லாமல் முடிவு செய்தார்கள். ஏன் அப்படி? கேட்கிற மையத்துக்கெல்லாம் கொடுத்திருந்தால், ஏற்கெனவே ஆர்வமாக நடக்கிற மையங்கள்தான் முதலில் கேட்டிருக்கும். பிறகு பிள்ளைகள் நன்றாகப் படித்தால், அது புது ஆளாலா, பழைய ஆர்வத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குலுக்கல் முறை அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறது.

18 மாதம் கழித்துப் பார்த்தபோது, கூடுதல் ஆள் இருந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது. பிள்ளைகள் மொழியிலும் கணக்கிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். எதிர்பாராத இன்னொன்று, வளர்ச்சி குன்றலும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும்கூடக் குறைந்திருந்தன. பாடத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதால், ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு ஊட்டச்சத்து, ஆரோக்கிய வேலைகளைக் கவனிக்க நேரம் கிடைத்தது.

உங்களுக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம்தான். ஆனால் அனுபவத்தைச் சொன்னால் "குறை சொல்கிறார்கள்" என்பார்கள். அதையே எண்ணி, ஒப்பிட்டுக் காட்டினால் கொள்கை வகுக்கிறவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். முறையாக எழுதக் கற்றுக்கொள்வதால் உங்களுக்கும் கிடைக்கிற பலன் இது.

பெற்றோரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

சின்னப் பிள்ளைகளிடம் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. முதலாவது, பெற்றோரின் சம்மதம். தாளை நீட்டி "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றால் அது சம்மதம் ஆகாது. என்ன பார்க்கப் போகிறோம், எதற்காக, வேண்டாம் என்றால் பிள்ளைக்குச் சத்துமாவோ முட்டையோ எதுவும் நிற்காது என்பதை அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். இரண்டாவது, பிள்ளையின் விருப்பம். அது முகத்தைத் திருப்பிக்கொண்டால், அழுதால், அன்றைக்கு விட்டுவிடுங்கள். மூன்றாவது, பெயர். மாதக் கூட்டத்தில் பேசும்போது "பிள்ளை 7" என்று சொன்னால் போதும். நோட்டு பீரோவுக்குள் பூட்டி இருக்கட்டும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது வேண்டவே வேண்டாம். நான்காவது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எந்தப் பிள்ளையிடமிருந்தும் சாப்பாட்டையோ விளையாட்டையோ பிடுங்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. கண்டுபிடித்ததை முதலில் அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். "உங்க பிள்ளைக்கு இது வரல" என்று தொடங்காதீர்கள். "நான் இதைப் பாத்தேன், வீட்டில நீங்க என்ன பாக்குறீங்க?" என்று கேளுங்கள். நம் நோட்டில் இல்லாத பாதி அவர்களிடம்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை தொடங்குங்கள்

ஊருக்குப் போனதும் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து நடுவில் கோடு போடுங்கள். முதல் வாரம் ஒரே ஒரு பிள்ளை. அதிகம் பேசாத, உங்கள் கவனத்தில் படாத பிள்ளையாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் பத்து நிமிஷம், நாலு வரி, தேதி, நேரம். இடது பக்கம் எழுதும்போது "நல்ல", "மோசமான", "சோம்பேறி", "சுட்டி" என்ற வார்த்தைகள் வரக் கூடாது. வந்துவிட்டால் அடித்துவிட்டு வலது பக்கம் எழுதுங்கள். வார முடிவில் வலது பக்கத்தில் இருப்பதையெல்லாம் கேள்வியாக மாற்றிப் பாருங்கள். அதில் ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் எண்ணத் தொடங்குங்கள்.

மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதக் கூட்டத்தில் இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று கணக்கு கேட்காதீர்கள், கேட்டால் இதுவும் இன்னொரு பதிவேடு ஆகிவிடும். "இந்த மாசம் என்ன கேள்வி வந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.