துறைமுகம் வருகிறது, நியமனக் கடிதத்தில் யார் பெயர்?



காங்கேசன்துறைத் துறைமுகம் திரும்ப எழும்பப் போகிறது என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். அந்த மகிழ்ச்சி எனக்கும் உண்டு. இங்கே வல்வெட்டித்துறையிலிருந்து தொண்டைமானாற்றுப் பாலத்தைத் தாண்டி, பலாலி, மயிலிட்டி என்று கரையோடு போனால் வருகிற துறைமுகம் அது. போர்க்காலத்தில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டுக் கிடந்தது. 2018 ஜனவரியில் இந்திய ஏற்றுமதி இறக்குமதி வங்கி நாலரைக் கோடி டொலர் கடன் தர ஒப்பந்தம் செய்தது. கையெழுத்து காய்ந்தது, வேலை நகரவில்லை. பிறகு 2024இல், கடன் வேண்டாம், 6 கோடி 15 இலட்சம் டொலரை மானியமாகவே தருகிறோம் என்று இந்தியா சொன்னதாகச் செய்தி வந்தது. அதற்கு முன்பே, 2023 அக்டோபர் 14ஆம் திகதி, நாகபட்டினத்துக்குப் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிவிட்டது.

வேலை வரும் என்கிறார்கள். வரட்டும். நான் கேட்பது ஒன்றுதான். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற எங்கள் பிள்ளையின் கையில் கொடுக்கும் நியமனக் கடிதத்தின் தலைப்பில் யாருடைய பெயர் இருக்கும்? இலங்கைத் துறைமுக அதிகாரசபையின் பெயரா? இல்லாவிட்டால், எங்கேயோ ஒரு மாடியறையில் மேசை போட்டு நடக்கிற மான்பவர் கொம்பனியின் பெயரா? அல்லது கடிதமே இல்லாமல், கொந்தராத்துக்காரரின் கொப்பியில் பென்சிலால் எழுதிய ஒரு பெயர் மட்டுமா?

இந்தக் கேள்வியை அரசியல்வாதிகள் எவரும் கேட்கவில்லை. எத்தனை கப்பல், எத்தனை மீற்றர் ஆழம், எத்தனை தொன் என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தத் தொன்களைத் தூக்கப்போகிறவனின் முதுகுக்கு யார் பொறுப்பு என்று சொல்கிறார்களா?

வல்வெட்டித்துறையாருக்குக் கப்பலைப் பற்றி வேறெவரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1930இல் இந்தக் கரையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற கப்பல், 1938இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. ஊர்க்காரர்தான் அதைச் செலுத்திக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி எத்தனை விழாக்களில் பேசியிருக்கிறோம்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாங்கிய அமெரிக்கர் தன் மனைவியின் பெயரைக் கப்பலுக்குச் சூட்டினார். உலகம் அவருடைய பெயரை அறியும், அவருடைய மனைவியின் பெயரை அறியும். கயிறு இழுத்த கைகளின் பெயர் இந்த ஊருக்கு வெளியே எவருக்குத் தெரியும்? உடைமைக்காரர் பெயர் மரத்தில் பொறிக்கப்படும், உழைத்தவர் பெயர் காற்றோடு போகும் என்ற அந்த ஏற்பாட்டை, நூறு வருஷம் ஆகப்போகிற இந்தக் காலத்திலும் நாங்கள் ஏற்க வேண்டுமா?

கொழும்புத் துறைமுகத்தின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே வேலை என்றால் தினக்கூலி. கப்பல் வந்தால் சோறு, வராவிட்டால் பட்டினி. கங்காணி ஆள் பொறுக்குவான், அவன் கண்ணில் படாதவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். 1927இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் ஆயிரக்கணக்கான துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகும் எத்தனையோ போராட்டங்கள். 1958இல் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையைத் தனியார் கொம்பனிகளிடமிருந்து எடுத்துத் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் அமைத்தார்கள். 1979இல் அதையும் மற்ற அமைப்புகளையும் சேர்த்து இன்றைய துறைமுக அதிகாரசபை உண்டானது. இன்று அதிகாரசபையின் நிரந்தர ஊழியருக்கு மாதச் சம்பளம், மேலதிக நேரக் கொடுப்பனவு, மருத்துவ வசதி, லீவு, சேமலாப நிதி எல்லாம் இருக்கிறது என்றால், அவை ஒரு அமைச்சர் மனமிரங்கிப் போட்ட பிச்சை என்று நினைக்காதீர்கள். முப்பது, நாற்பது வருஷம் வாசலில் நின்று வாங்கியவை.

அந்தக் குணசிங்கவே 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொருளாதார நெருக்கடி வந்தது, வேலை குறைந்தது. முதலாளியைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியைப் பக்கத்தில் நின்று மூட்டை தூக்கியவனைப் பார்த்துக் கேட்டார்கள். இலாபம் அடைந்தது முதலாளிதான். இனத்தைச் சொல்லித் தொழிலாளரைப் பிரித்தபோதெல்லாம் கூலி இறங்கியிருக்கிறது. இந்த நாட்டில் இதை எங்களைவிடத் தெளிவாக அறிந்தவர்கள் யார்?

இனி அம்பாந்தோட்டைக்கு வருகிறேன். அங்கே நடந்ததுதான் நாளை காங்கேசன்துறையில் நடக்கக்கூடியது.

அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் ஏறக்குறைய 480 இளைஞர்கள் வேலை செய்தார்கள். துறைமுகத்துக்குள் போனார்கள், கப்பலிலிருந்து கார் இறக்கினார்கள். பார்க்கிறவருக்கு அவர்கள் துறைமுக ஊழியர். ஆனால் அவர்களை வேலைக்கு எடுத்தது மாகம்புர துறைமுக முகாமைத்துவக் கம்பனி என்ற தனிக் கம்பனி. 2016இல் துறைமுகத்தைச் சீனக் கம்பனிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றவுடன் அந்தப் பிள்ளைகள், எங்கள் கதி என்ன, எங்களை அதிகாரசபையின் நிரந்தர ஊழியராக்குங்கள் என்று கேட்டார்கள். கேட்டது கிடைக்கவில்லை. அந்த டிசம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஜப்பானியக் கப்பல் ஒன்றைப் போகவிடாமல் மறித்தார்கள். அரசாங்கம் கடற்படையை அனுப்பியது. படம் எடுத்த ஊடகவியலாளரைக் கடற்படைத் தளபதியே தாக்கியதை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. அடுத்த வருஷம் 99 வருஷக் குத்தகை, நூறு கோடி டொலருக்கு மேல். துறைமுகத்துக்கு விலை இருந்தது. அந்த 480 பேருக்கு ஒரு வரி உத்தரவாதம் இருக்கவில்லை.

அவர்கள் சிங்களப் பிள்ளைகள். கடற்படை வந்தால் என்ன நடக்கும் என்று வல்வெட்டித்துறைக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்காக வடக்கிலிருந்து ஒரு குரல் எழுந்திருக்க வேண்டும் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையம் வேறு கதை. 2021 பெப்ரவரியில், துறைமுகத் தொழிற்சங்கங்கள் ஒன்றாக நின்றதால், அதை வெளிக் கம்பனிக்குக் கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் கைவிட்டது. அந்தப் போராட்டத்தில் இந்திய எதிர்ப்பு வாடை அடித்தது, அதை நான் ஏற்கவில்லை. ஆனால் சங்கம் இருந்த இடத்தில் அரசாங்கம் இறங்கி வந்தது, சங்கம் வலுவில்லாத அம்பாந்தோட்டையில் கடற்படை இறங்கியது. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல சட்டங்கள். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி தொழிலாளி 8 வீதம், வேலை கொடுப்பவர் 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு வேலை கொடுப்பவர் இன்னும் 3 வீதம். மாதம் 50,000 ரூபா சம்பளம் என்றால் வேலை கொடுப்பவர் தன் கையிலிருந்து 7,500 ரூபா போட வேண்டும், வருஷத்துக்கு 90,000. ஐந்து வருஷம் முடித்தவருக்குப் பணிக்கொடை, ஒவ்வொரு வருஷத்துக்கும் அரைமாதச் சம்பளம். அதே சம்பளத்தில் இருபது வருஷம் உழைத்தவர் ஐந்து இலட்சத்தோடு வீட்டுக்குப் போகலாம். ஒரு பிள்ளையின் படிப்பு, ஒரு வீட்டின் கூரை அந்தக் காசில் இருக்கிறது.

கொந்தராத்துக்காரருக்கும் இந்தக் கணக்குத் தெரியும், உங்களைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, மிச்சத்தைப் படி என்ற பெயரில் கொடுத்து, சேமலாப நிதியைச் சின்னத் தொகைக்குக் கட்டுகிறார்கள். அதனால்தான் ஐந்தாவது வருஷம் கிட்டும்போது கொம்பனியின் பெயர் மாறுகிறது, பழைய ஊழியர் புதிய ஊழியர் ஆகிறார். வேலை நீக்கச் சட்டத்தின் பாதுகாப்பு ஒருவருக்குக் கிடைக்க, பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்திருக்க வேண்டும். 170ஆவது நாளில் “கொஞ்ச நாள் வீட்டில நில் தம்பி, பிறகு கூப்பிடுறன்” என்று ஏன் சொல்கிறார்கள் என்று இப்போது விளங்குகிறதா? கொள்கலன் சரிந்து கால் போனால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் நீ யாருடைய ஊழியன் என்று நிறுவ வேண்டும். நிறுவக் கடிதம் வேண்டும். சம்பளச் சிட்டை வேண்டும்.

எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு ஒழுங்கை கப்பற்காரர் இருக்கிறார்கள். நானும் கப்பலில் வேலை செய்தவன். கப்பலில் போகிற மாலுமிக்கு இன்று சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் சமவாயம் இருக்கிறது. 2006இல் நிறைவேறியது, 2013இல் நடைமுறைக்கு வந்தது, இலங்கையும் ஏற்றிருக்கிறது. இருபத்துநாலு மணித்தியாலத்தில் குறைந்தது பத்து மணித்தியால ஓய்வு. ஒப்பந்தப் பிரதி கையில். கப்பல் உரிமையாளர் கைவிட்டால் ஊர் திரும்பும் செலவுக்குக் காப்புறுதி. வேலை எடுத்துத்தர மாலுமியிடம் காசு வாங்கக்கூடாது என்றும் அதே சமவாயம் சொல்கிறது. நகையை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டிய தாய்மார் இங்கே இருக்கிறீர்கள், அதை அந்தச் சமவாயம் அனுமதிக்கவில்லை என்று உங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

இனி இதைப் பாருங்கள். கப்பலில் நின்று கயிறு எறிகிற எங்கள் பிள்ளைக்கு உலகச் சட்டம் காவல். அதே கயிற்றைக் கரையில் நின்று பிடித்துக் கட்டுகிற எங்கள் மற்றப் பிள்ளைக்கு ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. ஒரே கயிறு, ஒரே வீட்டுப் பிள்ளைகள். இதைத்தான் அபிவிருத்தி என்கிறார்களா?

சம்பளத்தோடு கதை முடியவில்லை. வேலையிடத்தில் ஆளை ஆள் எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் இன்றே பேச வேண்டும். பாதுகாப்பு அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் இருந்தால், பாரந்தூக்கிக்குக் கீழே நிற்கிற தமிழ்ப் பிள்ளை எதை வாசித்து விலகுவான்? வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. சுற்றறிக்கை, ஒழுக்காற்று விசாரணை, சம்பளச் சிட்டை எல்லாம் தமிழில் வர வேண்டும். பெண்பிள்ளைகள் பாரந்தூக்கி ஓட்டவும், கணக்கு வைக்கவும், சுங்கப் பத்திரம் பார்க்கவும் வருவார்கள். அவர்களுக்கு ஒழுங்கான மலசலகூடமும் உடுப்பு மாற்ற அறையும் கட்டட வரைபடத்திலேயே இருக்க வேண்டும், பிறகு பார்ப்போம் என்ற பேச்சு வேண்டாம். பிரசவ லீவு 84 நாள் அவர்களின் உரிமை. கர்ப்பம் என்று தெரிந்தவுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுகிற வேலை இங்கே நடக்கக்கூடாது.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். கந்தோர்க் கதிரை ஒரு சாதிக்கு, மூட்டை இன்னொரு சாதிக்கு என்ற ஏற்பாட்டைத் துறைமுக வாசலுக்குள் விடப்போகிறோமா? “டேய்” என்று கூப்பிடப்படுகிறவன் யார், “ஐயா” என்று கூப்பிடப்படுகிறவர் யார் என்று பிறப்புத் தீர்மானிக்கும் என்றால், கொழும்புக்காரன் எங்களைச் சமமாக நடத்தவில்லை என்று கோபப்பட எங்களுக்கு வாய் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதத்தோடு போகிறவனுக்கு வேலை, இல்லாதவனுக்கு வாசல் என்பதும் அதே அநியாயத்தின் மறுபக்கம். விண்ணப்பம் பகிரங்கமாகக் கோரப்பட வேண்டும், புள்ளிகள் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

“முதலில் துறைமுகம் வரட்டும், இப்போதே கனக்கக் கேட்டால் முதலீட்டாளர் ஓடிவிடுவார்” என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு நேராகவே சொல்கிறேன். வருகிற காசு ஒரு தனி முதலாளியின் காசல்ல, இரண்டு அரசாங்கங்கள் பேசித் தீர்மானிக்கிற பொதுக்காசு. நிபந்தனை எழுத வேண்டிய நேரம் கட்டடம் எழும்ப முன்னர்தான். கேள்விப்பத்திரத்தில் எழுதாத உரிமையைக் கப்பல் வந்த பிறகு வாங்க முடியாது, அம்பாந்தோட்டை அதற்குச் சாட்சி. போரும் இடம்பெயர்வும் எங்களை எதற்கும் தலையாட்டுகிறவர்களாக ஆக்கிவிட்டன என்று கொந்தராத்துக்காரர் கணக்குப் போட்டிருக்கிறார். எங்கள் பசியை அவர் முதலாக வைத்திருக்கிறார். அந்தக் கணக்கைப் பிழையாக்க வேண்டும்.

ஆகவே இந்தக் கூட்டத்தில் தீர்மானம் ஒன்றை முன்வைக்கிறேன். காங்கேசன்துறையில் சரக்கு ஏற்றி இறக்குதல், கப்பலைக் கரையில் கயிற்றால் கட்டுதல், இயந்திரம் ஓட்டுதல், காவல், துப்பரவு எல்லாவற்றுக்கும் ஆட்கள் துறைமுக அதிகாரசபையின் நிரந்தர ஆளணியில் எடுக்கப்பட வேண்டும். ஏதாவது ஒரு பகுதியைக் கம்பனிக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அதிகாரசபை ஊழியருக்குள்ள சம்பளம், சேமலாபம், மருத்துவம் அத்தனையும் அங்கேயும் இருக்க வேண்டும் என்று கேள்விப்பத்திரத்தில் எழுத வேண்டும். சங்கம் அமைக்கிற உரிமையை முதல் நாளிலிருந்தே மதிக்க வேண்டும். இதைத் துறைமுக அமைச்சுக்கும், யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும், எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அனுப்புவோம். உடன்படுகிறவர்கள் கையை உயர்த்துங்கள்.

இன்னுமொரு வேலை இருக்கிறது. மயிலிட்டியிலோ, பருத்தித்துறையிலோ, காங்கேசன்துறையிலோ இன்றைக்கே கூலிக்கு நிற்கிறவர்கள் உங்களில் பலர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சனசமூக நிலையத்துக்கு வாருங்கள். சம்பளச் சிட்டை இருந்தால் கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் வேலைக்குப் போன நாட்களையும், வாங்கிய காசையும், மேற்பார்வையாளரின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டு வாருங்கள். உங்கள் சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்று ஒவ்வொருவருக்கும் பார்த்துச் சொல்ல நாங்கள் இருப்போம். கட்டப்படவில்லை என்றால் திங்கட்கிழமை காலை யாழ்ப்பாணத் தொழில் திணைக்களத்துக்கு ஒன்றாகப் போவோம். அங்கே தனியே போகிறவரை இருக்கச் சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள், நாற்பது பேராகப் போனால் முறைப்பாட்டை எழுதுவார்கள்.