சேம அச்சு



இலக்கியத்தையும் வாழ்வையும் ஒருங்கே வைத்து நோக்கும் இத்தொடரிலே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுட் சிலருக்கு வியப்பைத் தரக்கூடும். நெடுந்தூரப் பாரவூர்தி ஓட்டும் தொழிலைப் பற்றியும், அத்தொழிலிலே நடுவயதிற் புதிதாகக் காலடி வைப்பவரைப் பற்றியும் பேசப்போகிறேன். தமிழாசிரியனுக்கும் லொறிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. அது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைமை உடையது.

நம்மவரிடையே ஒரு பேச்சு வழக்கு இருக்கிறது. இங்கே படித்து உத்தியோகம் பார்த்த ஒருவர் புலம்பெயர்ந்து சென்ற இடத்திலே பாரவூர்திச் சாரதியாகிவிட்டார் என்று கேள்விப்பட்டதும், "இவ்வளவு படிச்சும் கடைசியிலை லொறி ஓடத்தான் போனவராம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். சொல்பவர் அதை இரக்கம் என்று நினைக்கிறார். ஆனால் அதனுள்ளே இருப்பது ஏளனம். அத்தொழிலைத் தொடங்குபவர் உண்மையில் எதைக் கற்றுக்கொள்கிறார் என்று கேட்டுப் பார்ப்பவர் மிகச் சிலரே. அதனை இன்று நாம் கேட்டுப் பார்ப்போம்.

சங்க காலத்திலே நெடுந்தூரச் சரக்குப் போக்குவரத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் உமணர்கள். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, பாலைவழிகளையும் மலைவழிகளையும் கடந்து உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்றவர்கள். வரிசையாகச் செல்லும் அவர்களது வண்டித் தொடருக்கு ஒழுகை என்று பெயர். அவர்கள் சமைத்து உண்டபின் விட்டுச் சென்ற கல்லடுப்புகள் அகநானூற்றின் பாலை நிலத்து வழிகளிலே கிடக்கின்றன. நம் நாட்டிலும் கண்டி இராச்சிய காலத்தில் பொதிமாடுகளின் முதுகிலே கரையோரத்து உப்பும் கருவாடும் மலைநாட்டுக்கு ஏறின. பாக்கு கீழே இறங்கியது. தவளம் என்று அதனை அழைத்தார்கள். ஆகவே தொலைவழித் தொழில் நமக்குப் புதிதன்று.

இந்த உமணர்களைப் பற்றி ஔவையார் ஓர் அரிய செய்தியைச் சொல்கிறார். புறநானூற்றின் 102ஆம் பாடலில், அதியமான் நெடுமான் அஞ்சியின் மகனாகிய பொகுட்டெழினியை அவர் புகழ வருகிறார். அரசிளங்குமரனைப் புகழ்வதற்குச் சிங்கத்தையோ மலையையோ அவர் தேடிப் போகவில்லை. உப்பு வண்டியின் அடியிலே கட்டப்பட்டிருக்கும் ஒரு மரத்துண்டைக் காட்டுகிறார். அதுதான் சேம அச்சு; இன்றைய பேச்சிலே சொல்வதானால், கைவசம் வைத்திருக்கும் மேலதிக அச்சு.

அதனை ஏன் கட்டினார்கள் என்பதற்குப் பாடலிலே மூன்று காரணங்கள் உள. ஒன்று, வண்டியில் பூட்டிய எருதுகள் இளையவை. நுகத்தின் பழக்கம் இல்லாதவை. இரண்டு, வண்டியிலே ஏற்றிய பாரம் பெரிது. மூன்று, முன்னே உள்ள வழி பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, அங்கே என்ன நேருமோ, யாரும் அறியார். புதிய எருது, பெரிய பாரம், அறியாத வழி. ஒரு தொழிலைப் புதிதாகத் தொடங்கும் எவருடைய நிலையையும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அதே புறநானூற்றிலே, 116ஆம் பாடலில், தந்தையையும் நாட்டையும் இழந்த பாரி மகளிர் குப்பைமேட்டில் ஏறி நின்று, தெருவழியே போகும் உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள் என்று கபிலர் பாடுகிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம்மவர் நினைவு வரும். 1983க்குப் பின்னர் ஊரிழந்து கனடா சென்றவர்கள் பல்லாயிரவர். அவர்களுட் சிலர் இன்று வண்டிகளை எண்ணிக்கொண்டு நிற்கவில்லை. வண்டியின் ஆசனத்திலேயே ஏறி அமர்ந்துவிட்டார்கள்.

ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்கு வீதிவழியே ஏறத்தாழ 4,400 கிலோமீற்றர். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் நமது ஏ9 வீதியின் நீளம் ஏறத்தாழ 321 கிலோமீற்றர். அதைப்போலப் பதின்மூன்று மடங்குக்கு மேற்பட்ட தூரம் அது. சுப்பீரியர் ஏரியின் வடகரையோரக் காடுகள், முடிவில்லாத சமவெளி, பின்னர் ரொக்கி மலைத்தொடர். மாரியில் வீதியின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம். நம் சாரதிகள் கனவிலும் கண்டிராத பள்ளமும் மேடும் அங்கே உண்டு.

எனது பழைய மாணவர் ஒருவர் அங்கே இருக்கிறார். இங்கே சில ஆண்டுகள் கணித ஆசிரியராகப் பணி புரிந்தவர். புலம்பெயர்ந்தபின் தொழிற்சாலையொன்றிலே இரவு வேலை பார்த்து, அது மூடப்பட்டதும், தமது 43ஆவது வயதிலே பாரவூர்தி பழகப் போனார். தொலைபேசியில் அவர் எனக்குச் சொன்ன வார்த்தைகள் இவை: "சேர், முதல் கிழமை அவங்கள் எங்களை ஓடவே விடேல்லை. வண்டியைச் சுத்திச் சுத்திப் பாக்கத்தான் விட்டவங்கள்."

இந்தச் சுற்றிப் பார்த்தல்தான் அத்தொழிலின் அரிச்சுவடி. ஒவ்வொரு நாளும் புறப்படுமுன் சாரதி வண்டியை வலம் வர வேண்டும். ரயர்களையும், சில்லின் சுரைகளையும், விளக்குகளையும், பிறேக்குகளையும், பாரத்தைக் கட்டிய பட்டிகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். இழுக்கும் பகுதியும் பின்னே தொடரும் பெட்டியும் சரியாகக் கொழுவியிருக்கின்றனவா என்று மெல்ல இழுத்துச் சோதிக்க வேண்டும். பார்த்ததை எழுத்தில் பதிய வேண்டும். அது சட்டம்.

பிறேக்கிலேயே ஒரு சேம அச்சு இருக்கிறது. இந்த வண்டிகள் அழுத்தக் காற்றினால் இயங்கும் பிறேக் உடையவை. காற்று வெளியேறிவிட்டால் பிறேக் இல்லாமற் போய்விடுமே என்று நாம் அஞ்சுவோம். உண்மை அதற்கு நேர்மாறானது. உள்ளே வலிய சுருள்வில் ஒன்று இருக்கிறது. அது சில்லைப் பற்றிப் பிடிக்காதபடி தடுத்து வைத்திருப்பதே காற்றின் அழுத்தந்தான். காற்று குறைந்தால் வில் விடுபட்டு, சில்லை இறுகப் பற்றிக்கொள்ளும். கெட்டுப்போனாலும் காக்கும்படி அமைப்பது என்ற இந்த எண்ணத்தை ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் 1872இலேயே புகையிரதப் பிறேக்கிற் கையாண்டார். உமணர் அறிந்திருந்த சேமமும் இதே இனத்தது எனலாம்.

சேமம் தவறினால் என்ன நேரும்? 2018ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் திகதி கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்திலே ஒரு பெருந்துயர் நிகழ்ந்தது. ஹம்போல்ட் என்னும் சிற்றூரின் இளைஞர் பனிக்கட்டி ஹொக்கி அணி பேருந்திலே சென்றுகொண்டிருந்தது. குறுக்குவீதியால் வந்த பாரவூர்தி, நிறுத்தற் குறியிலே நிற்காமல் சந்திக்குள் வந்தது. 16 பேர் இறந்தனர். 13 பேர் காயமடைந்தனர். பாரவூர்திச் சாரதி அத்தொழிலுக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பாரத்தை மூடிய படங்கு காற்றிலே அடித்துக்கொண்டிருந்ததில் அவரது கவனம் சிதறியிருந்தது என்பது வழக்கிலே வெளிவந்தது. இளைய எருது, பெரிய பாரம், அறியாத வழி. மூன்றும் அங்கே இருந்தன. நான்காவதாக இருந்திருக்க வேண்டிய சேம அச்சு இருக்கவில்லை.

ஒன்ராறியோ மாகாணம் மட்டும் அதற்கு முன்னரே, 2017 ஜூலை 1 முதல், இத்தகைய வண்டிக்கான சாரதி அனுமதிப்பத்திரம் பெற 103.5 மணிநேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தது. ஹம்போல்ட் விபத்தின் பின், 2019இல் சஸ்கச்சுவான் 121.5 மணிநேரத்தைக் கட்டாயமாக்கிற்று. அயல் மாகாணங்களும் அவ்வழியே சென்றன. பதினாறு உயிர்கள் போனபின் எழுதப்பட்ட சட்டம் அது. குறுக்குவழியிலே பத்திரம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், புதிதாகத் தொழில் தொடங்குபவர் இந்த வரலாற்றை நினைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் நிறைபார வண்டி, பிறேக்கை மிதித்த பின்னும் நெடுந்தூரம் ஓடியே நிற்கும். அந்த இடைவெளிக்குள் யார் இருப்பார்கள் என்பதை நாம் அறியோம்.

நித்திரைக்கும் அங்கே சட்டம் உண்டு. கனடாவின் பெரும்பகுதியிலே ஒருவர் ஒரு நாளில் 13 மணிநேரத்துக்கு மேல் ஓட்டலாகாது. எல்லை தாண்டி அமெரிக்காவிற்குள் சென்றால் 11 மணி. அதற்கு முன் தொடர்ச்சியாக 10 மணிநேர ஓய்வு எடுத்திருக்க வேண்டும். முன்னர் இவற்றைச் சாரதியே கையால் எழுதி வந்தார். எழுதும் கை சில வேளை பொய்யும் எழுதிற்று. இப்போது வண்டியின் எஞ்சினோடு இணைத்த மின்னணுக் கருவி கணக்கு வைக்கிறது. அமெரிக்காவில் 2017இன் இறுதியிலிருந்தும், கனடாவில் 2021இலிருந்தும் அந்தக் கருவி சட்டமாக வந்தது.

இனி வருவாயைப் பார்ப்போம். விளம்பரங்களில் வரும் தொகையைக் கண்டு மயங்கிப் போவோர் உண்டு. பெரும்பாலும் சம்பளம் ஓடிய மைலுக்கே தரப்படுகிறது. பாரம் ஏற்றக் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கிடைப்பதும் கிடையாததும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இன்னொரு பொறியும் இருக்கிறது. சில நிறுவனங்கள் புதிய சாரதியைத் தம் ஊழியராகப் பதிவதில்லை. "நீயே ஒரு கம்பனியைப் பதிந்துகொண்டு வா, பணம் கூடத் தருகிறோம்" என்கின்றன. கையில் வரும் காசு முதலில் கூடத்தான் தெரியும். விடுமுறைச் சம்பளம், வேலையிழந்தாற் கிடைக்கும் காப்புறுதி, விபத்து நேர்ந்தால் கிடைக்கும் நட்டஈடு ஆகியவை கழன்றுபோனதைப் பின்னரே அவர் உணர்வார். வண்டியின் அடியிலே சேம அச்சு உண்டா என்று பார்க்கும் சாரதி, தம் ஒப்பந்தத்தின் அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய செலவு பிரிவு. பொருள்வயிற் பிரிதலை நம் புலவர்கள் பாலைத் திணையிலே எத்தனையோ விதமாகப் பாடிவிட்டார்கள். என் மாணவர் மாதத்தில் சில நாள்களே வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார். பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றை வீதியோரத் தரிப்பிடத்திலே நின்றுதான் கேட்டாராம். இதிலே உமணர் நம்மைவிடக் கொடுத்து வைத்தவர்கள். பெரும்பாணாற்றுப்படையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் உப்பு வண்டியில், காடிக் கலயம் தொங்குகிறது. பிள்ளையோடு இருக்கும் பெண்ணே எருதுகளை ஓட்டுகிறாள். குடும்பம் முழுவதும் வழியிலே வாழ்கிறது. இன்று வட அமெரிக்காவிலும் கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் மாறி மாறி ஓட்டிச் செல்வதுண்டு. அது புதுமை என்று பத்திரிகைகள் எழுதலாம். நம் புலவருக்கு அது பழைய காட்சி.

வழியிலே நடந்துகொள்ளும் முறைக்கும் நம் இலக்கியம் சான்று தருகிறது. அகநானூற்றின் நான்காம் பாடலிலே குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், காதலியிடம் விரைந்து திரும்புகிறான். ஆயினும் சோலையிலே துணையோடு கூடியிருக்கும் தும்பிகள் வெருளக் கூடாதென்று, தேரின் மணிகளில் ஒலி எழாதபடி அவற்றின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். வீடு போகும் அவசரம் அவனுக்கும் இருந்தது. வழியில் உள்ள உயிர்களை அவன் மறக்கவில்லை. இரவிலே சிற்றூர்களின் ஊடாகப் பெருவண்டி ஓட்டிச் செல்பவருக்கு இதனினும் மேலான வீதி ஒழுங்கு ஒன்றை எந்தச் சட்டப் புத்தகமும் கற்பிக்க இயலாது.

நமது ஏ9 வீதியிலே முறிகண்டிப் பிள்ளையார் முன் தரிக்காமற் போகும் சாரதிகள் அரியர். எச்சமயத்தவராயினும் இறங்குவார்கள். அந்தத் தரிப்பிலே தேங்காய் உடைத்தபின் வண்டியைச் சுற்றி வந்து, ரயர்களைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்க்கும் சாரதிகளை நான் கண்டிருக்கிறேன். நம்பிக்கையும் முன்யோசனையும் அங்கே ஒன்றுக்கொன்று பகையாக இல்லை.

ஆகவே நேயர்களே, நாற்பது வயதிற்குப் பின் ஒருவர் இத்தொழிலைக் கற்கப் போகிறார் என்றால், அவர் தம் படிப்பை வீதியிலே எறிந்துவிட்டுப் போகிறார் என்று எண்ணாதீர்கள். அவர் பௌதிகம் கற்கிறார், சட்டம் கற்கிறார், தம் உடலின் எல்லையைக் கற்கிறார், முகமறியாத மனிதரின் உயிரைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ளக் கற்கிறார். நாம் உண்ணும் அரிசியும் உடுக்கும் உடையும் வாசிக்கும் புத்தகமும் ஏதோ ஒரு வண்டியில் வந்தவையே. ஒரு வேந்தன் மகனுக்கு உவமையாகும் தகுதி அவ்வண்டியின் அடிமரத்துக்கே உண்டு என்று ஔவையார் கருதினார். அந்த வண்டியை ஓட்டுபவருக்கு நாம் தரவேண்டிய மதிப்பு அதனினும் குறைந்ததாக இருக்கலாமா?

தொடங்குபவருக்கு ஒரு சொல். முழுப் பயிற்சியையும் பெறுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துக் கையொப்பம் இடுங்கள். தூக்கம் வந்தால் நிறுத்துங்கள். நேரம் பிந்தினால் சரக்குத்தான் பிந்தும்.