பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு வாத்தியார்

(ஆசிரியர் தினக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



1962 முதல் செப்டம்பர் 5இல் ஆசிரியர்களைப் பாராட்டி வருகிறோம். அது டாக்டர் இராதாகிருஷ்ணன் பிறந்த நாள். பிறந்தது திருத்தணி, சிறுவயதில் படித்தது திருப்பதி மிஷன் பள்ளி. அன்று இரண்டு ஊருக்கும் நடுவே மாநில எல்லை கிடையாது. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் சித்தூர் மாவட்டத்துக்குப் போயின. கோடுதான் நகர்ந்தது, அங்கிருந்த தமிழர் நகரவில்லை. பிறகு பிழைப்புத் தேடி நாமும் வந்து சேர்ந்தோம்.

மாலை மரியாதை இருக்கட்டும். இங்கே தமிழ் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியருக்குப் பாடத்தைவிடப் பெரிய கவலை வருகைப் பதிவேடு. அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு இன்னொருவரைக் கேட்டால், "பிள்ளைகள் எங்கே?" என்பார்கள். பிள்ளைகள் ஏன் வரவில்லை? வாத்தியார் இல்லாததால்!

சட்டம் இல்லாமல் இல்லை. வகுப்பில் 10 பேரோ பள்ளியில் 40 பேரோ இருந்தால் தாய்மொழி ஆசிரியர் வேண்டும் என்று 1949இலேயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு முடிவு செய்தது. 1956இல் அரசியல் சட்டத்தில் 350அ பிரிவு சேர்ந்தது. கேட்பவர் இருந்தால்தானே காகிதம் பேசும்?

எல்லா அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழியே என்று 2019இல் வந்த அரசாணையை 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் தள்ளியது. பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டுமென்று நாமும்தான் ஆசைப்படுகிறோம், அதில் குற்றமில்லை. தெலுங்கும் வேண்டும், ரேஷன் கடைப் பலகையைப் படிக்கத் தெரியாமல் இங்கே எப்படி வாழ்வது? ஆனால் முதல் எழுத்தை வீட்டு மொழியில் படித்த பிள்ளைக்கு அடுத்த மொழி சுலபம்.

ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பை எப்படி நடத்துவார் என்கிறீர்களா? வழி பக்கத்திலேயே பிறந்தது. மதனப்பள்ளி அருகே ரிஷி வேலியில், கிராமப் பள்ளிகளுக்காகப் பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்தார்கள். பல வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்து, அவரவர் வேகத்தில் அட்டையை முடித்து அடுத்ததற்குப் போகலாம். இதைப் பார்த்துத்தான் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளும், 2007இல் தமிழகம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளும் செயல்வழிக் கற்றலுக்கு வந்தன. சித்தூர்ச் சரக்கைச் சென்னை வாங்கிக்கொண்டது, நாம் இன்னும் வாங்கவில்லை!

இப்போது வேலை. பள்ளியில் சேர்க்கும்போது தாய்மொழி என்ற இடத்தில் 'தமிழ்' என்றே எழுதச் சொல்லுங்கள். தமிழ் ஆசிரியர் வேண்டுமென்று தலைமையாசிரியரிடம் மனுக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் தெருப் பிள்ளைகளின் பெயர், வயது, வகுப்பு எழுதிய தாளோடு வாருங்கள். பத்துப் பேர் சேர்ந்த அன்றே மண்டலக் கல்வி அதிகாரியைப் பார்க்கப் போகிறோம்.